மைலேஜ்: எந்தக் கணக்கை நம்பலாம்?

திமிரியிலிருந்து கிளம்பும் கார் ஆற்காட்டு நெரிசலில் ஊர்ந்துவிட்டு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி ஆம்பூர் வரை ஒரே சீராக ஓடலாம். ஒரே கார்தான், ஆனால் இரு சாலைகளிலும் இரண்டு மைலேஜ். போதாதற்கு விளம்பரம் ஒன்று சொல்கிறது, டேஷ்போர்டு வேறொன்று சொல்கிறது, பங்க் ரசீதோ மூன்றாவது கணக்கைக் காட்டுகிறது.

விளம்பர எண் சோதனைக்கூடத்தில் பிறப்பது. புணேயில் 1966இல் தொடங்கப்பட்ட ஏஆர்ஏஐ போன்ற வாகனச் சோதனை நிறுவனங்களில், உருளைகள்மேல் சக்கரம் சுழல, நின்ற இடத்திலேயே கார் ஓடுகிறது. இந்தியச் சோதனை முறையில் ஓட்டம் 1180 விநாடி, உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. அங்கே டேங்கை யாரும் அளப்பதில்லை. புகையைப் பிடித்து அதிலுள்ள கார்பனை அளக்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்பதால், புகையை வைத்தே எரிந்த பெட்ரோலைச் சொல்லிவிடலாம். நுட்பமான அளவீடு இது. ஆனால் ஏசி, மேடு, எதிர்க்காற்று எதுவும் அங்கே இல்லை. கடுமையான புதிய சோதனை முறைக்கு மாறிய ஐரோப்பாவிலேயே, 2021இல் பதிவான கார்கள் சாலையில் சான்றிதழைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகக் குடித்தன. இரண்டு கார்களை ஒப்பிட இந்த எண் உதவும். மாதச் செலவுக்கு உதவாது.

டேஷ்போர்டு எண் ஒரு மதிப்பீடு. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதைக் கூட்டி, போன எரிபொருளைக் கணினி கணிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் புதிய கார்களில் கட்டாயமாக்கிய எரிபொருள் கண்காணிப்பு முறைக்கே 5 சதவீதப் பிழைக்கு அனுமதி உண்டு.

மிஞ்சுவது பழைய ஃபுல் டேங்க் முறை. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுப்பது. இதில் சிக்கல் ‘ஃபுல்’ எது என்பதில் இருக்கிறது. தரை சற்றுச் சாய்ந்திருந்தாலோ, நுரை எழுந்தாலோ நாசில் முன்னதாகவே நின்றுவிடும். 10 லிட்டர் நிரப்பும்போது 1 லிட்டர் பிசகினால் பிழை 10 சதவீதம். பல தடவை நிரப்பிய 100 லிட்டரைச் சேர்த்துக் கணக்கிட்டால், அதே 1 லிட்டர் வெறும் 1 சதவீதம். ஆகவே ஒரே பங்க், ஒரே பம்ப், நாசில் முதல் முறை தானாக நின்றதுமே நிறுத்துவது, பல ரசீதுகளைக் கூட்டுவது ஆகிய நான்கும் முக்கியம்.

பம்பிலும் சிறு பிழை இருக்கலாம்: 5 லிட்டருக்கு 25 மில்லி வரை சட்டம் அனுமதிக்கிறது. சந்தேகம் வந்தால் பங்கிலுள்ள 5 லிட்டர் அளவுக்கலனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். தேய்ந்த டயர் தருவது இன்னொரு வகைப் பிழை. 8 மி.மீ. பள்ளம் 1.6 ஆகக் குறைந்தால் சக்கரம் சிறுத்து, அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும். ஓடோமீட்டர் 2 சதவீதம் வரை கூட்டிக் காட்டும். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டால் இது பிடிபடும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. எனவே எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வருவதற்கு முந்தைய கணக்கோடு இன்றையதை அப்படியே ஒப்பிடக் கூடாது.

இப்படி எடுத்த சராசரியை டேஷ்போர்டு எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால், அந்தத் திரை எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்பது தெரிந்துவிடும். அதைக் கழித்துக்கொண்டு, பிறகு தினசரி ஓட்டத்துக்குத் திரையையே பார்க்கலாம்.