நுண்ணளவு வளிமமும் ‘இல்லை’ என்னும் சொல்லும்

0. கோள்களின் வளிமண்டலத்தில் மிகச் சிறு விகிதத்தில் கலந்துள்ள வளிமங்களை ‘நுண்ணளவு வளிமங்கள்’ எனலாம். ‘சுவட்டு வளிமங்கள்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், கடந்துபோன ஒன்றின் அடையாளம் என்னும் பொருள் தோன்றும். ‘அரிய வளிமங்கள்’ என்பது நியான், ஆர்கான் முதலியவற்றுக்கு முன்பே வழங்குகிறது. கலைச்சொல்லாக்கத்தினும் அரியது, இத்துறையின் எதிர்மறை முடிவுகளைத் தமிழில் தருவது. செவ்வாயின் மீத்தேனைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மீத்தேன் அகச்சிவப்பு ஒளியில் தனக்குரிய அலைநீளங்களை மட்டும் உட்கவர்கிறது, 3.3 மைக்ரோமீட்டரை ஒட்டிய பகுதி அவற்றுள் ஒன்று. கோளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அவ்விடங்களில் கருங்கோடுகள் தென்படும். கோட்டின் இடம் வளிமத்தின் வகையையும், ஆழம் அதன் அளவையும் உணர்த்தும். ஆயின் தொலைநோக்கி புவியின் மீத்தேனூடேதான் செவ்வாயைக் காண்கிறது. இரு கோள்களும் நெருங்கும்போதோ விலகும்போதோ டாப்ளர் விளைவால் செவ்வாயின் கோடுகள் சற்று இடம்பெயரும். அப்போது அவற்றைப் பிரித்தறியலாம்.

2. ஹவாயின் மௌனா கேயா சிகரத்திலிருந்து 2003இல் நோக்கிய மைக்கேல் மம்மா குழுவினர், செவ்வாயில் மீத்தேன் கண்டதாக 2009இல் வெளியிட்டனர். இடம்பெயர்ந்த கோடு, புவி மீத்தேனில் கார்பன்-13 அணு கொண்ட மூலக்கூறுகளின் கோட்டுடன் கலந்திருக்கலாம் என்று கெவின் ஸான்லே முதலியோர் 2011இல் ஐயுற்றனர். கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, நூறு கோடி மூலக்கூறுகளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.4 என்னும் அளவைத் தந்தது. ஆனால் செவ்வாயைச் சுற்றிவரும் ஐரோப்பிய-உருசியக் கலம், அக்கோளின் வளிமண்டலத்தைத் துளைத்துவந்த கதிரவன் ஒளியை 2018இல் ஆராய்ந்து எதனையும் காணவில்லை, 0.05 என்னும் மேல்வரம்பையே 2019இல் அறிவித்தது.

3. இம்முடிவை ‘செவ்வாயில் மீத்தேன் இல்லை’ எனப் பெயர்ப்பது பிழை. ‘இல்லை’ பொருளின் இருப்பையே மறுக்கிறது; கலமோ தான் அளந்த உயரங்களுக்கு ஒரு வரம்பை மட்டுமே கூறிற்று. ‘கண்டறியப்படவில்லை’ என்பதும் முற்றும் பொருந்தாது. ‘கண்டறிதல்’ முன்பே உள்ளதைக் காண்பதாகலின், மீத்தேன் அங்கு உண்டு, இன்னும் அகப்படவில்லை எனப் படிப்போர் கொள்ளக்கூடும். புவியின் மீத்தேனில் பெரும்பகுதி உயிரினங்களோடு தொடர்புடையது. ஆதலால் ஒரு வினைமுற்றின் பிழை, செவ்வாயில் உயிர் உண்டா என்னும் வினாவுக்கே தவறான விடையாகிவிடும்.

4. தமிழின் நிபந்தனை எச்சம் இங்குத் துணைபுரிகிறது. ‘அளந்த உயரங்களில் மீத்தேன் இருப்பினும், நூறு கோடிக்கு 0.05க்கு மேல் இராது’ என்னும் தொடர் இருப்பை வலியுறுத்துவதுமில்லை, மறுப்பதுமில்லை. எண்ணை விடுத்து எதிர்மறையை மட்டும் பெயர்க்கலாகாது என்பதே இதனால் பெறப்படும் நெறி.