இசைக்குழுவின் பயணக்காட்சியும் இளையோரின் ஊர்காண் திட்டமும்

ஊர் காணும் வேட்கை மனிதனுக்கு இயல்பானது. அவ்வேட்கையை எழுப்பும் கருவிதான் காலந்தோறும் மாறி வருகின்றது. யாத்திரை சென்று திரும்பிய பெரியோர் வாய்மொழியால் உலகை அறிந்தது ஒரு தலைமுறை. பயண நூல்களைப் படித்து அறிந்தது மற்றொரு தலைமுறை. இன்றைய மாணவரோ தம் விருப்பத்திற்குரிய இசைக்குழுவினர் ஊர் சுற்றுவதைக் கைபேசித் திரையில் கண்டு, தாமும் செல்ல வேண்டிய இடங்களுக்குப் பட்டியல் எழுதுகின்றனர். இது வீண்பொழுது என்று பெரியோர் கடிகின்றனர். இதுவே முழு வழிகாட்டி என்று இளையோர் நம்புகின்றனர். இவ்விரு கருத்துகளையும் சீர்தூக்கிப் பார்ப்பது நம் கடமையாகும்.

எழுவர் சென்ற வழி

2013ஆம் ஆண்டு அரங்கேறிய பி.டி.எஸ். என்னும் தென்கொரிய இசைக்குழுவில் எழுவர் உளர். இவர்கள் 'பான் வாயேஜ்' என்னும் பெயரில் நான்கு பயணத் தொடர்களை வழங்கினர். 2016இல் நார்வே, சுவீடன், பின்லாந்து, 2017இல் ஹவாய், 2018இல் மால்டா, 2019இல் நியூசிலாந்து என அவை அமைந்தன. மேடையில் மின்னும் கலைஞர் பெட்டி சுமப்பதும், வழி கேட்பதும், தாமே சமைப்பதும் காண்போர்க்கு நெருக்கம் தருகின்றன. 'இவர்கள் சென்ற தெருவில் நாமும் நடக்கலாமே' என்னும் எண்ணம் அதனால் பிறக்கின்றது.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. மால்டா என்றொரு நாடு இருப்பதையே அறியாதிருந்த மாணவி, அதனை உலகப்படத்தில் தேடுகின்றாள். 316 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட அத்தீவுநாடு 870 முதல் 1091 வரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது என்பதையும், அந்நாட்டு மொழி அரபியின் கிளையாக வளர்ந்து இலத்தீன் எழுத்தில் எழுதப்படுவதையும் அவள் அறிய நேரலாம். அங்குள்ள பழைய நகரின் பெயர் மதீனா; நகரம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லே அது. வேடிக்கையாகத் தொடங்கிய பார்வை இவ்வாறு வரலாற்றில் சென்று சேருமாயின் அதனைக் கடிவதற்கு இடமில்லை.

திரை காட்டாதவை

ஆயினும் காட்சி வேறு, திட்டம் வேறு. ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல ஆகும் நான்கு மணி நேரம் திரையில் நான்கு நொடியாகச் சுருங்கிவிடுகின்றது. ஊர்தி ஏற்பாடு செய்தவர், தங்குமிடம் அமர்த்தியவர், அனுமதி பெற்றவர் ஆகியோர் படக்கருவிக்குப் பின்னே நிற்கின்றனர். செலவுக் கணக்கின் பெரும்பகுதி நமக்குத் தெரிவதில்லை. முதல் தொடரிலேயே குழுத்தலைவர் தம் கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டு ஏனையோர்க்கு முன்பாக நாடு திரும்ப நேர்ந்தது. துணைக்கு ஆள் பலர் இருந்தும் இவ்வாறு நிகழ்ந்ததெனில், தனித்துச் செல்வோர் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காட்சியைத் திட்டமென மயங்குவதன் விளைவைத் தமிழகம் கண்டதுண்டு. 2024 சனவரியில் கரூர் மாவட்டப் பள்ளிச் சிறுமியர் மூவர் இக்குழுவினரைக் காணக் கொரியா செல்ல எண்ணினர். விசாகப்பட்டினத்தில் கப்பலேறலாம் என்று கருதி, சிறு சேமிப்புடன் வீட்டாரறியாமல் புறப்பட்டனர். சென்னை வரை சென்று திரும்பும் வழியில் காட்பாடியில் மீட்கப்பட்டனர். அவர்களிடம் வேட்கை இருந்தது. ஊர்ப்பெயர்கள் கூட இருந்தன. வழியைப் பற்றிய அறிவு ஒன்றே இல்லை. அவ்வறிவை ஊட்ட வேண்டியவர்கள் ஆசிரியரும் பெற்றோருமாகிய நாமே அல்லவா?

பாணர் காட்டிய நெறி

இசைவாணர் ஊர்வழி காட்டுவது தமிழுக்குப் புதிதன்று. பரிசில் பெற்று மீளும் கலைஞர், எதிர்ப்படும் கலைஞர்க்குத் தாம் சென்ற வழியைக் கூறுவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படை நூல்களே. அவற்றுள் நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை நம் பகுதிக்கே உரியது. 269 அடிகளைக் கொண்ட அந்நூலின் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கலே அவனது கிடங்கில் என்பர். எயிற்பட்டினம் மரக்காணம் என்பதும் ஆய்வாளர் பலரின் கருத்தாகும்.

இந்நூல் ஊர்களின் பெயரை மட்டும் அடுக்கவில்லை. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என வரிசை தருகின்றது. ஒவ்வோர் ஊரும் எந்நிலத்தது, அங்கு எம்மக்கள் வாழ்வர், எவ்வுணவு கிடைக்கும் என்று உரைக்கின்றது. கடற்கரையில் சுட்ட குழல் மீன், முல்லை நிலத்தில் ஆமான் இறைச்சியுடன் சூடான சோறு, மருதத்தில் நண்டுக் கறியுடன் வெண்சோறு என நிலத்திற்கேற்ப உணவு மாறுகின்றது. செங்கம் பகுதியை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் மலைபடுகடாமோ இடர்களையும் மறைப்பதில்லை. வழுக்கும் பாறை, பாம்பு, விலங்குப் பொறி, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் ஆகியவற்றை முன்கூட்டியே எச்சரிக்கின்றது. வரிசை, நிலம், உணவு, தங்கல், இடர் ஆகிய ஐந்தும் அமைந்ததே வழிகாட்டல் என்பதை இந்நூல்களால் அறிகின்றோம். பயணக்காட்சி இவற்றுள் சிலவற்றைத் தரும். எஞ்சியவற்றை நாமே தேடி நிரப்ப வேண்டும்.

திட்டமிடும் முறை

முதலாவது, காட்சியைக் குறிப்பேட்டுடன் காண வேண்டும். இடப்பெயர், அங்குச் செய்தது, பருவம் ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்க. பனிக்காலத்தில் படமாக்கிய இடம் கோடையில் வேறு தோற்றம் கொள்ளும்.

இரண்டாவது, எழுதிய இடங்களை நகரப்படத்தில் குறித்து, ஒரே திசையில் உள்ளவற்றை ஒரு நாளுக்கென வகுக்க வேண்டும். படத்தொகுப்பாளர் அமைத்த வரிசை நகரத்தின் வரிசை அன்று.

மூன்றாவது, திறக்கும் நேரம், விடுமுறை நாள், கட்டணம், கடைசிப் பேருந்து ஆகியவற்றை உரியவரிடம் கேட்டறிய வேண்டும். தொழுகை வேளையும், ஹலால் உணவு கிடைக்குமிடமும் திட்டத்திலேயே இடம்பெறுதல் வேண்டும்.

நான்காவது, ஊர்ப்பெயரைத் தெளிந்துகொள்ள வேண்டும். நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே பிரம்மதேசம் இரண்டு உண்டு. ஒன்று திண்டிவனத்திற்கும் மரக்காணத்திற்கும் இடையே உள்ளது. மற்றொன்று எண்ணாயிரத்திற்கு அருகே சோழர்காலக் கற்றளிகளுடன் திகழ்கின்றது. செய்யாற்றுப் பகுதியில் ஒன்றும், அம்பாசமுத்திரம் அருகே ஒன்றும் வேறு உள. கோயிலின் படத்தைத் திரையில் பார்த்துப் பெயரை மட்டும் கேட்டுப் பேருந்தேறுபவர் வேறொரு பிரம்மதேசத்தில் இறங்கி நிற்க நேரும். பெயருடன் வட்டமும் அருகூரும் சேர்த்து எழுதுவதே தக்கது.

ஐந்தாவது, செலவையும் துணையையும் முன்பே முடிவு செய்து, திட்டத்தின் படி ஒன்றை வீட்டாரிடம் கொடுத்துச் செல்ல வேண்டும். ஒளிவு மறைவற்ற திட்டமே பெற்றோரின் இசைவைப் பெற்றுத் தரும்.

நம் நிலத்தில் ஒரு நாள்

இம்முறையைக் கொரியாவிலோ மால்டாவிலோ தொடங்க வேண்டுவதில்லை. செஞ்சியிலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர்; அங்கிருந்து மரக்காணம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். காலையில் கோட்டை திறந்தவுடன் இராசகிரி ஏறினால் உச்சி வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் செஞ்சியும் ஒன்று. 1714இல் தேசிங்கு இராசனும் அவன் தோழன் மகமத்கானும் ஒரே போரில் மடிந்த மண் அது. அவர்களின் நட்பை நாட்டுப்புறக் கதைப்பாடல் இன்றும் போற்றுகின்றது. அப்போரில் வென்ற சாதத்துல்லாகானின் பெயர் தாங்கி 1717-18இல் எழுந்த பள்ளிவாசலும் அங்கேயே உள்ளது.

லுஹர் தொழுகையும் உணவும் முடித்துத் திண்டிவனம் சேர்ந்து கிடங்கலைக் காணலாம். பின்னர்ப் பிரம்மதேசம் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் மாலையில் மரக்காணத்து உப்பளங்களை அடையலாம். பாணர் கடற்கரையிலிருந்து கிடங்கிலுக்கு வந்தனர். நாம் கிடங்கலிலிருந்து கடற்கரைக்குச் செல்கின்றோம். அருகிலுள்ள கழுவேலி ஏரி 2021இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. எண்ணாயிரம் பக்கத்துப் பிரம்மதேசத்திற்கு மற்றொரு நாள் ஒதுக்குக. முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்விச்சாலை எண்ணாயிரத்தில் இயங்கியதைக் கல்வெட்டு கூறுகின்றது. கல்லூரி மாணவர் கண்டு சிந்திக்க வேண்டிய இடம் அது.

நிறைவாக

பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் தூண்டுகின்றது. 1325இல் ஹஜ்ஜை நாடித் தஞ்சியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, மதுரை வரை வந்து, கண்டவற்றைப் பதிவு செய்தார். பயணம் நமக்கு விலக்கப்பட்டதன்று; சிந்தனையற்ற பயணமே விலக்கத்தக்கது.

ஆகவே பெரியோர் கைபேசியைப் பறிப்பதோடு நில்லாமல், 'இவ்வூருக்கு எவ்வழியே செல்வாய், எங்கே உண்பாய், எப்போது திரும்புவாய்?' என்று பரிவுடன் வினவுவார்களாக. மாணவர்களும் விடை எழுதப் பழகுவார்களாக. அயல்நாட்டு இசைக்குழு காட்டிய ஊர்களை விரும்பும் நம் மாணவர், ஓய்மாநாட்டின் வழியை அயலார்க்குக் காட்டும் புதிய ஆற்றுப்படைகளையும் படைக்க வேண்டும். இத்துறையின் அடுத்த மலரில் அவை இடம்பெறுமாயின் அதுவே நம் உழைப்பின் பயனாகும்.