கறுத்த முகமும் ஜன்னல் வெளிச்சமும்

தில்லிக்குப் படிக்க வந்த நம்மவர்க்கு ஆண்டில் இரண்டு மூன்று முறையாவது போட்டோ எடுத்துக்கொள்ள நேர்கிறது. விண்ணப்பத்துக்கு ஒன்று, பட்டமளிப்பு அங்கியுடன் ஒன்று, “பெண் வீட்டார் கேட்கிறார்கள்” என்று அம்மா சொன்னால் மற்றொன்று. ஸ்டூடியோக்காரர் முகத்துக்கு நேரே விளக்கை வைத்துப் பளிச்சென்று எடுத்துவிடுகிறார். பிறகு கம்ப்யூட்டரில் நம்மை இரண்டு படி வெளுத்தும் விடுகிறார். நம் முகத்துக்கு அந்த உபகாரம் தேவையில்லை என்பது என் கட்சி. பௌதிக மாணவனாதலால் காரணமும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தோலில் படும் ஒளி இரண்டு விதமாகத் திரும்புகிறது. நூற்றுக்கு நாலைந்து பங்கு மேற்பரப்பிலேயே பட்டு, கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பிவிடும். மீதி உள்ளே நுழைந்து சிதறி, மெலனின் என்னும் நிறப்பொருள் விழுங்கியது போக எஞ்சியது வெளிவரும். முதற்பகுதி சிவந்த மேனிக்கும் கறுத்த மேனிக்கும் ஏறக்குறைய ஒன்றே, இரண்டாவதுதான் வேறுபடும். ஆகவே கறுத்த முகத்தில் மேற்பரப்பின் மினுக்கம் எடுப்பாகத் தெரிகிறது. கன்னத்து எலும்பும் மூக்குத் தண்டும் நெற்றி வளைவும் அதனாலேயே உருவம் பெறுகின்றன. அந்த மினுக்கம் விளக்கின் பிம்பமே அன்றோ? விளக்கு சிறிதானால் நெற்றியில் எண்ணெய்த் துளிபோல் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். பெரிதானால் கன்னமெங்கும் மென்மையாகப் பரவும். கோயில் மண்டபத்துக் கருங்கற் சிலையைப் பக்க வெளிச்சத்தில் பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விடுதி அறையில் நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய விளக்கு ஜன்னல்தான். நேர் வெயில் விழாத, வடக்கு பார்த்த ஜன்னல் உத்தமம். அது பக்கவாட்டில் சற்று முன்னால் இருக்கும்படி ஒரு மீட்டர் தள்ளி உட்காருங்கள். ஜன்னல் தலைக்கு மேலும் உயர்ந்திருந்தால், இருண்ட கன்னத்தில் கண்ணுக்குக் கீழே முக்கோணமாக ஒரு துண்டு வெளிச்சம் விழும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) பெயராலேயே போட்டோக்காரர்கள் இதனைக் குறிப்பிடுகிறார்கள். நிழற்பக்கம் மிகவும் இருண்டால் நண்பர் ஒருவர் அங்கே வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கலாம். (தில்லிக் குளிரில் வேட்டிக்கு வேறு வேலை ஏது!) ஜனவரி மூடுபனியில் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது, ஆனால் ஒளி உச்சியிலிருந்து வருவதால் கண்கள் குழிந்து தெரியும். வராந்தாவின் விளிம்புக்குச் சற்று உள்ளே நின்றால் அக்குறை நீங்கும்.

இனி காமிராவின் சங்கதி. உலகம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது நூற்றுக்குச் சுமார் 18 பங்கு ஒளியைத் திருப்புவது, என்பது அதன் ஒளிமானிக்குள்ள நம்பிக்கை. விண்ணப்பப் படத்துக்கு வெள்ளைச் சுவரின் முன் நின்றால், சுவரைச் சாம்பலாக்க முயன்று நம் முகத்தை இருட்டடித்துவிடும். இன்றைய கைத்தொலைபேசிகள் முகத்தை அடையாளம் கண்டு ஓரளவு சரிசெய்கின்றன. எனினும் திரையில் முகத்தின்மேல் தொட்டு அளக்கச் செய்வதே பத்திரம். அப்போது முகம் வெளுத்துத் தெரிந்தால் சிறிது குறைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளிலும் பட்சபாதம் இருந்ததுண்டு. கோடாக் கம்பெனி அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி அட்டை’யில் 1950களிலிருந்து நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. அவள் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு! 2022இல் கூகிள் வெளியிட்ட மாங்க் அளவுகோலில் 10 தோல்நிறங்கள் இடம்பெற்றுள்ளன.

உட்காரும் விதத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உடலைச் சற்றே ஜன்னல் பக்கம் திருப்பி, முகத்தைக் காமிராவின் பக்கம் பாதி கொண்டுவாருங்கள். மோவாயைக் கொஞ்சம் முன்னே நீட்டித் தாழ்த்துங்கள். பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவின் விறைப்பு வேண்டாம். தொலைவு மட்டும் முக்கியம். மூக்கு நுனி காதுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாகக் கொள்வோம். மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் எடுத்தால் காதோடு ஒப்பிட மூக்கு மூன்றிலொரு பங்கு பெருத்துத் தெரியும். ஒன்றரை மீட்டரில் பதினைந்திலொரு பங்குதான். கையை நீட்டித் தாமே எடுத்துக்கொள்ளும் படங்களில் எல்லோரும் மூக்கர்களாவது இதனால்தான்.

ஸ்டூடியோவுக்கே போக நேர்ந்தால், விளக்கைப் பக்கமாக நகர்த்தி வெள்ளைக் குடையைப் போடச் சொல்லுங்கள். படத்தைக் கம்ப்யூட்டரில் திறக்கும்போது அருகிலேயே நில்லுங்கள். “ரங் வைஸா ஹீ ரக்கியே” என்னும் நான்கு சொல் இந்தி போதும்.