ஊசி குத்தினால் தசை என்ன பதில் சொல்லும்?

சேலம் ஜங்ஷன் ரயில் நிலையம் இருப்பது சூரமங்கலத்தில். அங்கிருந்து சிவதாபுரம் பக்கம் போனால் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் ஏராளம். கொலுசுக்கு வளையம் கோப்பதும், பற்றவைப்பதும் தலையைக் குனிந்தபடியே செய்கிற வேலை. காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கழுத்து நிமிரும். சில வருடங்களில் தோள்பட்டைக்கு மேலே, கழுத்து இறங்கும் இடத்தில், கல் மாதிரி ஒரு முடிச்சு விழுந்துவிடும். அழுத்தினால் வலி தலைவரை ஏறும்.

முதலில் தைலம். பிறகு வெந்நீர் ஒத்தடம். அப்புறம் மெடிக்கலில் வாங்கிய மாத்திரை. எதற்கும் அடங்காதபோது பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், “அக்குபங்சர் போய்ப் பாருங்களேன், ரெண்டு ஊசியில சரியாயிடும்!” அதே திண்ணையில் இன்னொருவர் சிரிப்பார், “ஊசி குத்தினா வலி போகுமா? எல்லாம் மனசுதான்!”

இருவரில் யார் சொல்வது சரி? உலகின் சில ஆய்வுக்கூடங்களில் இதைக் கருவி வைத்தே அளந்து பார்த்திருக்கிறார்கள். கிடைத்த பதில் இருவருக்குமே ஆச்சரியம் தரும்.

தூண்டிலில் மீன் கடிப்பதுபோல...

இந்தியாவுக்கு அக்குபங்சர் வந்தது 1959-ல். இரண்டாம் சீன - ஜப்பானியப் போரின்போது, 1938-ல் இந்தியாவிலிருந்து சீனாவுக்குச் சென்ற மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸோடு போனவர் டாக்டர் பி.கே.பாசு. அவர்தான் பின்னாளில் இதைக் கற்றுவந்து கொல்கத்தாவில் தொடங்கினார்.

இந்த வைத்தியத்தில் ஊசியைக் குத்தி லேசாகத் திருகுவார்கள். அப்போது குத்திய இடத்தில் கனமாக, மந்தமான ஒரு வலி தெரியும். வைத்தியரின் விரலுக்கு ஊசியை உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல இருக்கும். தூண்டிலில் மீன் கடிப்பது போன்ற உணர்வு என்பார்கள். சீனர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘தே சீ’. தசை சுருங்கித்தான் ஊசியைக் கவ்வுகிறது என்று வெகுகாலம் நம்பப்பட்டது.

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஹெலன் லாங்கவின் குழு, இந்தக் கவ்வலை அளக்க முடிவு செய்தது. கணினி இயக்கும் ஒரு கருவி ஊசியைக் குத்தும், திருகும், பின் வெளியே இழுக்கும். இழுக்க எவ்வளவு விசை தேவைப்பட்டது என்பதையும் பதிவு செய்யும். ஆரோக்கியமான 60 பேரிடம் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள்.

அக்குபங்சர் புள்ளிகளில் ஊசியை இழுக்க, மற்ற சாதாரண இடங்களைவிட 18 சதவிகிதம் கூடுதல் விசை தேவைப்பட்டது. ஆனால், பெரிய வித்தியாசம் திருகுவதில்தான் இருந்தது. திருகாத ஊசியோடு ஒப்பிட்டால், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருகிய ஊசிக்கு 52 சதவிகிதமும், ஒரே பக்கமாகத் திருகிய ஊசிக்கு 167 சதவிகிதமும் அதிக விசை வேண்டியிருந்தது. புள்ளி இல்லாத இடத்தில் திருகினாலும் உடல் ஊசியைக் கவ்வியது.

எலியின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது காரணம் புரிந்தது. தோலுக்கும் தசைக்கும் நடுவே வலைபோல இருக்கும் இணைப்புத் திசு, திருகும் ஊசியைச் சுற்றிக்கொள்கிறது. தறி வீடுகளில் தார்க்குச்சியில் நூல் சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதேதான். ஊசியைக் கவ்வுவதில் முக்கியப் பங்கு தசைக்கு இல்லை, அதன் மேலே இருக்கும் இந்தத் திசுவுக்குத்தான் என்றது லாங்கவின் குழு.

முடிச்சுக்குள் ஒரு சத்தம்

அப்படியானால் தசை சும்மாவா இருக்கிறது? அதைக் கேட்பதற்கு ஒரு கருவி உண்டு. நரம்பு மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் ‘இ.எம்.ஜி’ பரிசோதனைதான் அது. மெல்லிய ஊசி முனையைத் தசைக்குள் செலுத்தி, தசை எழுப்பும் மின் துடிப்பைப் பதிவு செய்வார்கள். நல்ல நிலையில் உள்ள தசை, ஊசி நுழையும் நொடியில் சட்டென்று ஒரு சலசலப்பைக் காட்டிவிட்டு உடனே அமைதியாகிவிடும்.

1993-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஹப்பர்ட், பெர்காஃப் இருவரும் தோள்பட்டைத் தசையின் வலி முடிச்சுக்குள் இந்த ஊசியை வைத்தார்கள். உடலை அசைக்காமல் இருந்தபோதும், முடிச்சின் உள்ளே ஓரிரு மில்லி மீட்டர் இடத்தில் மின் துடிப்பு ஓயாமல் கேட்டது. பக்கத்திலேயே இருந்த தசையில் சத்தமே இல்லை.

அடுத்த ஆண்டு அதே குழு இன்னொன்று செய்தது. ஊசி இருக்கும்போதே மனக்கணக்கு போடச் சொன்னார்கள். பதற்றத்தில் முடிச்சின் துடிப்பு கூடியது. பக்கத்துத் தசை அப்போதும் அமைதி! ‘கடன் கவலை கழுத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது’ என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் பேச்சு இல்லை போலிருக்கிறது. இது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தின் இயல்பான சத்தம்தான் என்று மறுப்பவர்களும் மருத்துவ உலகில் இருக்கிறார்கள்.

இந்த முடிச்சில் நேராக ஊசி குத்தினால், தசை நார் ஒரு முறை வெட்டித் துடிப்பது உண்டு. பிசியோதெரபியில் ‘டிரை நீட்லிங்’ செய்பவர்கள் எதிர்பார்ப்பது இந்தத் துடிப்பைத்தான்.

பதில் வேறு, குணம் வேறு

ஆக, ஊசிக்கு உடல் பதில் சொல்கிறது. அது கற்பனை இல்லை. ஆனால், அந்தப் பதிலும் வலி தீர்வதும் ஒன்றா? இங்கேதான் கதை திரும்புகிறது.

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்கு முறைப்படி அக்குபங்சர். இரண்டாவது பிரிவுக்குப் புள்ளி இல்லாத இடங்களில், மேலோட்டமாக, திருகாமல் ஊசி. அதாவது, ‘தே சீ’ வரக் கூடாது என்றே குத்தினார்கள். மூன்றாவது பிரிவுக்கு மருந்து, உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்து நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முதல் பிரிவில் 47.6 சதவிகிதம், இரண்டாவதில் 44.2, மூன்றாவதில் 27.4. முடிவு வெளியானது 2007-ல்.

ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. ஆனால் கவ்வினாலும் கவ்வாவிட்டாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஊசியின் குத்தல், படுத்திருக்கும் அரை மணி ஓய்வு, ஒருவர் அக்கறையாகக் கவனிப்பது, குணமாகும் என்ற நம்பிக்கை இவையெல்லாம் அதில் கலந்திருக்கலாம். பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பே இடுப்பு வலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்று 2016-ல் சொன்னது. 2021-ல், வேறு காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு அதைப் பரிசீலிக்கலாம் என்றது.

போவதற்கு முன்...

முதலில் வலியின் காரணத்தை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். கை மரத்துப் போவது, பிடித்த பொருள் நழுவுவது, விழுந்த பின் வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி இவற்றுக்கு ஊசி மருந்தல்ல. இடது தோளில் வலி, நெஞ்சு அழுத்தம், வியர்வை சேர்ந்து வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

ஊசி போடுபவரின் படிப்பைக் கேளுங்கள். இயற்கை மருத்துவத்தில் ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். படித்தவர்கள் அக்குபங்சரையும் பாடமாகப் படித்திருப்பார்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா, உறையை உங்கள் கண் முன்னே பிரிக்கிறார்களா என்று பாருங்கள். தோள்பட்டைக்குக் கீழேதான் நுரையீரலின் மேல் நுனி. அங்கே ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழும் ஆபத்து அரிதாக உண்டு. ஊசி போட்ட பின் மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ‘சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் நிறுத்திடுங்க’ என்று யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நாலைந்து முறை போயும் வித்தியாசம் தெரியவில்லையா? பணத்தையும் நாளையும் வீணாக்காமல் வேறு வழி பாருங்கள். தெரிந்தாலும், மறுநாள் அதே பட்டறையில் அதே குனிந்த கழுத்தோடு உட்கார்ந்தால் முடிச்சு திரும்பி வரும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றுங்கள். வேலையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி வையுங்கள். காசில்லாத வைத்தியம் இது. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்!