வேண்டாதது என்று ஒதுக்கப்பட்ட சுரப்பி

நம் மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, இரு மடல்களாய் அமைந்த மென்மையான சுரப்பி ஒன்று உண்டு. தைமஸ் என்பது அதன் பெயர். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அறிந்த நம்மில் பலர் இதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டோம். அதில் நம்மேல் குற்றமில்லை. மருத்துவ உலகமே நெடுங்காலம் இதனை ஒரு பொருட்டாய் மதித்ததில்லை. குழந்தைப் பருவத்தில் பெரிதாயிருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாய் மாறிவிடும் உறுப்புக்கு என்ன வேலை இருக்கப் போகிறது என்றே அறிஞரும் எண்ணினர்.

மதிக்காமல் விட்டிருந்தாலாவது நலமாயிருந்திருக்கும். அக்காலத்தில் உடற்கூறு பயில மருத்துவர்களுக்குக் கிடைத்த உடல்கள் பெரும்பாலும் வறுமையிலும் நாட்பட்ட நோயிலும் வாடி இறந்தோருடையவை. நோயும் பட்டினியும் தைமஸைச் சுருக்கிவிடும் என்பதை அவர்கள் உணரவில்லை. ஆகவே, நலமாயிருந்து திடீரென இறந்த குழந்தையின் இயல்பான தைமஸைக் கண்டபோது, அது அளவுமீறி வளர்ந்து மூச்சை அடைத்துவிட்டது என்று முடிவு கட்டினர். அமெரிக்காவில் 1907ஆம் ஆண்டு முதல் பச்சிளங் குழந்தைகளின் மார்பில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி அதைச் சுருக்கலாயினர். தைராய்டுப் புற்றுநோய் கண்ட 28 இளம் நோயாளிகளைப் பற்றி 1950இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. அவர்களுள் பலர் சிசுப் பருவத்தில் இக்கதிரைப் பெற்றவர்கள்! நோயில்லாத குழந்தைக்கு நோயைத் தேடித் தந்த வைத்தியம் அது.

உண்மை 1961இல் வெளிப்பட்டது. லண்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜாக் மில்லர், அன்று பிறந்த சுண்டெலிகளின் தைமஸை அகற்றினார். குட்டிகள் முதலில் நன்றாகவே வளர்ந்தன. பால்குடி மறந்த பின்னரோ மெலிந்து, எளிய தொற்றுகளுக்கும் பலியாயின. வேற்றினத் தோலை ஒட்டவைத்தாலும் அவற்றின் உடல் எதிர்க்கவில்லை. இரத்த வெள்ளையணுக்களில் ஒரு பிரிவு தைமஸில்தான் பயிற்சி பெறுகின்றது என்பது இதனால் புலனாயிற்று. ‘டி அணுக்கள்’ என்று இன்று அவற்றை அழைக்கிறோம். அப்பயிற்சி மிகக் கடுமையானது. பகைவனை அடையாளம் காணத் தெரியாதவையும், சொந்த உடலையே தாக்கக்கூடியவையும் அங்கேயே மடிகின்றன. நூற்றுக்கு ஐந்துகூடத் தேறி வெளிவருவதில்லை.

இத்தகைய பள்ளியைக் கட்டுவது யார்? விடை தந்ததும் ஒரு சுண்டெலியே. 1962இல் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், உடலில் உரோமமே இல்லாத எலிகள் தென்பட்டன. அவற்றுக்குத் தைமஸும் இல்லையென்பது 1968இல் தெரிந்தது. உரோமத்துக்கும் தைமஸுக்கும் என்ன உறவு என்று நாம் வியக்கலாம். ஜெர்மனியில் தாமஸ் போமும் அவருடைய குழுவினரும் 1994இல் அதற்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தனர். ‘ஃபாக்ஸ்-என்-1’ என்பது அதன் இன்றைய பெயர். கருவில் தைமஸின் திசுவையும், தோலில் உரோம வளர்ச்சியையும் அந்த ஒரே மரபணு ஆள்கிறது. அந்த எலிகளில் மரபணுவின் நீண்ட வாசகத்தில் ஓர் எழுத்து மட்டும் விடுபட்டிருந்தது. ஓர் எழுத்துப் பிழையால் ஓர் உறுப்பே உருவாகாமற் போயிற்று.

இவ்வமைப்பு மனிதனோடு தோன்றியதன்று. சுறாமீன் முதல் நாம் வரை, தாடையுள்ள முதுகெலும்பிகளின் குலம் முழுவதிலும் தைமஸ் உண்டு. மீன்களில் செவுள்கள் தோன்றும் தொண்டைப் பகுதியிலிருந்தே அது அவற்றின் கருவில் அரும்புகிறது, நமக்கும் அவ்விடமே. தாடையற்ற லாம்ப்ரே என்னும் மீனுக்கு இது கிடையாது என்றே கருதப்பட்டு வந்தது. ஆனால் 2011இல், அதன் செவுள் நுனிகளில் தைமஸை ஒத்த சிறு முடிச்சுகளை விஞ்ஞானிகள் கண்டனர். அங்கும் ஃபாக்ஸ்-என்-1இன் குடும்பத்தைச் சேர்ந்த மரபணுவே வேலை செய்கிறது. நம் முன்னோரும் லாம்ப்ரேயின் முன்னோரும் பிரிந்து ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகள் ஆகின்றன!

சுருங்கிய பின் தைமஸுக்கு வேலையில்லை என்ற எண்ணமும் ஆட்டங்கண்டிருக்கிறது. அமெரிக்காவில் தைமஸ் அகற்றப்பட்ட பெரியவர்களையும், அது அகற்றப்படாமல் மார்பு அறுவை செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளியாயிற்று. அறுவைக்குப் பின் ஐந்தாண்டுகளில் இறந்தவர்கள் முதற் பிரிவில் நூற்றுக்கு 8.1 பேர், மற்றதில் 2.8 பேர்.

தைமஸ் இன்றியே பிறக்கும் குழந்தைகளும் உண்டு. இது மிக அரிது. இருபத்திரண்டாம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமற்போகும் டி ஜார்ஜ் நோயில், இதயக் குறையும் கால்சியக் குறைவால் வலிப்பும் காணலாம்; சிலருக்குத் தைமஸே இராது. அத்தகைய சிசுவுக்கு ஓயாது சளியும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால், ‘பிள்ளைக்குச் சீர்’ என்று நாட்டு மருந்தோடு நாளைக் கடத்தாமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அவசியம். முன்பெல்லாம் தைமஸே இல்லாத குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வயதுக்குள் இறந்துவிடுவார்கள். 2021 அக்டோபரில் அமெரிக்க அரசு இதற்கொரு சிகிச்சையை அங்கீகரித்தது. இதய அறுவையின்போது இதயத்தை எட்டுவதற்காக வேறு குழந்தைகளிடமிருந்து வெட்டியெடுத்து, வீணென்று எறியப்பட்டு வந்த தைமஸே அதற்கு மூலப்பொருள். அதை மெல்லிய துண்டுகளாக்கி, சில வாரங்கள் ஆய்வுக்கூடத்தில் பேணி, நோயுற்ற சிசுவின் தொடைத் தசைக்குள் பதிக்கிறார்கள். அத்தொடையிலேயே அணுக்களின் பயிற்சி தொடங்குகிறது. பலன் தெரிய ஆறு மாதங்களுக்கு மேலாகும். அதுவரை குழந்தையைத் தொற்று அண்டாமல் தனிமையிற் காக்க வேண்டும்.