பாய்மரப் படகில் கடல் சுற்றக் கிளம்பும் தம்பதி: உயிரைக் காப்பாற்றும் செவ்வொளி ஏன் நமுத்துப் போகக்கூடாது?

சூலக்கரை:

சூலக்கரையில் இருந்து பார்த்தால் கடல் தெரியாது. விருதுநகர் மாவட்டத்துக்கே கடற்கரை கிடையாது. ஆனாலும் நடுக்கடலில் படகு கவிழ்ந்தவனைக் காப்பாற்றுகிற ஒரு பொருளைப் பற்றி இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதுவும் மருந்து அடைத்த குழாய்தான். பெயர் 'அபாய செவ்வொளி'.

வேலையில் இருந்து ஓய்வு பெற்ற புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும் சின்ன பாய்மரப் படகில் மாதக்கணக்கில் கரையோரமாகச் சுற்றி வருவது வெளிநாடுகளில் சகஜம். நம் நாட்டிலும் பாய்மரப் படகு ஆர்வம் வளர்ந்து வருகிறது. அப்படிக் கிளம்புகிறவர்கள் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? விவரம் வருமாறு:-

7 கப்பல் பார்க்காமல் போச்சு

இங்கிலாந்தைச் சேர்ந்த மாரிஸ் பெய்லி, மரலின் பெய்லி தம்பதி வீட்டை விற்று படகு வாங்கினார்கள். நியூசிலாந்து போய்ச் சேருவது திட்டம். 1972-ம் ஆண்டு கிளம்பினார்கள். தகவல் அனுப்பும் ரேடியோ கருவி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

1973 மார்ச் 4-ந் தேதி பசிபிக் கடலில் திமிங்கலம் மோதி படகில் ஓட்டை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் படகு மூழ்கிவிட்டது. காற்றடைத்த ரப்பர் மிதவையில் இரண்டு பேரும் தப்பினார்கள். மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்கள். ஊக்கை வளைத்துத் தூண்டில் செய்து மீன் பிடித்தார்கள். ஆமையையும் விட்டுவைக்கவில்லை.

கண் எதிரே 7 கப்பல்கள் தாண்டிப் போயின. கையில் இருந்த செவ்வொளியைக் கொளுத்திக் காட்டியும் பலன் இல்லை. 117 நாள் கழித்து, ஜூன் 30-ந் தேதி, 8-வதாக வந்த தென்கொரிய மீன்பிடிக் கப்பல்தான் அவர்களைத் தூக்கியது.

3 நாளில் மீட்பு

இதையே 2018-ல் நடந்த சம்பவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்திய கடற்படை அதிகாரி அபிலாஷ் டாமி தனி ஆளாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் போய்க்கொண்டிருந்தார். செப்டம்பர் 21-ந் தேதி இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த அடி. எழுந்திருக்கக்கூட முடியவில்லை.

ஆனால் அவரது படகில் செயற்கைக்கோளுக்கு சிக்னல் அனுப்பும் அபாயக் கருவி இருந்தது. படகு எங்கே இருக்கிறது என்பது கரையில் தெரிந்துவிட்டது. 24-ந் தேதி பிரான்ஸ் நாட்டுக் கப்பல் வந்து மீட்டது. அதே ஆள் குணமாகி, 2023-ல் அதே பந்தயத்தில் 2-வது இடம் பிடித்தார்.

117 நாளுக்கும் 3 நாளுக்கும் உள்ள வித்தியாசம், கிளம்பும் முன்பு படகில் என்ன ஏற்றினார்கள் என்பதுதான்.

பட்டாசு வேறு, செவ்வொளி வேறு

சிவப்பு நிறத்துக்கு 'ஸ்ட்ரான்சியம்' உப்பு என்பது சிவகாசி வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. செவ்வொளியிலும் அதே உப்புதான். ஆனால் அளவுகள் கறாரானவை.

கையில் பிடிக்கும் குச்சி குறைந்தது 1 நிமிடம் எரிய வேண்டும். வானத்தில் ஏவும் பாரசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரம் போய், குறைந்தது 40 விநாடி எரிந்தபடியே மெதுவாக இறங்க வேண்டும். பகலுக்கு ஆரஞ்சு நிறப் புகை டப்பா. அது 3 நிமிடம் புகைய வேண்டும். சர்வதேச விதி இது.

தீபாவளி ராக்கெட்டை இதற்குப் பதிலாக எடுத்துப் போவது தப்பு. அது படாரென்று வெடித்து அணைந்துவிடும். தூரத்துக் கப்பலில் இருப்பவன் யாரோ கொண்டாடுகிறார்கள் என்று நினைத்துப் போய்விடுவான்.

மருந்துக்கு ஈரம் எமன். உப்புக்காற்றில் சும்மா கிடந்தால் நமுத்துப் போகும். அதனால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மேலே அச்சடித்த காலாவதி தேதியைக் கிளம்பும் முன்பே பார்க்க வேண்டும். கப்பலோ விமானமோ கண்ணில் பட்ட பிறகே குச்சியைக் கொளுத்த வேண்டும். படகில் நெருப்பு விழாதபடி, காற்று வெளியே போகும் பக்கமாகக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும்.

மற்ற ஏற்பாடுகள்

படகைக் கரையேற்றி அடிப்பக்கத்துப் பாசி, சிப்பியைச் சுரண்டி பெயிண்ட் அடிக்க வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றியாக வேண்டும். பாயில் தையல் விட்ட இடத்தைத் தைக்க வேண்டும். சுக்கான், நங்கூரம், தண்ணீர் இறைக்கும் பம்ப், டீசல் எஞ்சின் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பிரஷர், சுகர் மாத்திரைகளைப் பயண நாளுக்கு மேல் கூடுதலாக எடுத்து, இரண்டு பையில் பிரித்து வைப்பது நல்லது. ஒரு பை நனைந்தாலும் இன்னொன்று இருக்கும்.

முக்கியமான விஷயம், புருஷனுக்கு மட்டும் படகு ஓட்டத் தெரிந்தால் போதாது. அவர் தவறி விழுந்தால் படகைத் திருப்பி வந்து தூக்க வேண்டியது மனைவிதான். ரேடியோவில் 16-வது சேனலில் உதவி கேட்க இரண்டு பேருக்குமே தெரிந்திருக்க வேண்டும். இரண்டே பேர் சமாளிக்க முடியுமா என்ற சந்தேகமும் வேண்டாம். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, கேரளத்தைச் சேர்ந்த தில்னாவுடன் 'தாரிணி' பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2-ந் தேதி கோவாவில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பி வந்தார்.

எப்போது போகலாம்?

தமிழக கிழக்குக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழையும் புயலும் மிரட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை கடல் ஓரளவு சாதுவாக இருக்கும். பாம்பனைக் கடக்க ரெயில் பாலத்தைத் தூக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டும். இலங்கை எல்லைக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல்படையின் 1554 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம். ஆனால் கரையை விட்டுத் தள்ளிப் போனால் செல்போன் டவர் எடுக்காது. அங்கே கைகொடுப்பது ரேடியோவும், செயற்கைக்கோள் கருவியும், நமுத்துப் போகாத அந்தச் செவ்வொளியும்தான்.