ஆணுறுப்பில் கொப்புளம்: ஆறியது ஏன் மறுபடி வருகிறது?

கம்பைநல்லூர் வயலில் கோரையைப் பிடுங்கினாலும் ஏன் மறுபடி முளைக்கிறது? கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறதே!

ஹெர்பிஸ் வைரஸும் அப்படித்தான். உடலுறவில் தொற்றி, கொத்தாக நீர்க்கொப்புளம் போடும். எரியும், உடையும், ஆறும். வைரஸோ நரம்பு வழியே ஏறி, முதுகுத்தண்டின் அடியில் நரம்பு முடிச்சில் பதுங்கிவிடும். காய்ச்சலோ களைப்போ வந்தால் அதே வழியில் இறங்கும். அசைக்ளோவிர் மாத்திரை புண்ணைச் சீக்கிரம் ஆற்றும். பதுங்கிய வைரஸை அழிக்காது.

எல்லாமே ஹெர்பிஸா? இல்லை. குறிப்பிட்ட மாத்திரை போடும்போதெல்லாம் அதே இடத்தில் கொப்புளம் வருகிறதா? சல்ஃபா, வலி மாத்திரை ஒவ்வாமையாக இருக்கலாம். இரவில் அரிப்பு, வீட்டாருக்கும் அரிப்பு என்றால் சிரங்கைச் சந்தேகியுங்கள்.

வலியில்லாத புண்ணா? சிபிலிஸாக இருக்கலாம். தானாக ஆறினாலும் நோய் உள்ளே தொடரும்.

கண்ட களிம்பைத் தடவாதீர்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால் துணைக்கும் தொற்றலாம்.